சாறும் சக்கையும்

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், புணேயின் பாஷாண் பகுதியிலுள்ள ஓர் ஒற்றையறை வீட்டுக்கு நாக்பூரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பத்துக் கிலோ ஆரஞ்சு. தோல் தளர்ந்து, விரலால் தொட்டாலே சுளை சுளையாகப் பிரியும் விதர்ப்பத்துப் பழம். அனுப்பியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பெற்றுக்கொண்டவள் அவருடைய மகள், உயிர்வேதியியலில் ஐந்தாம் ஆண்டு முனைவர்பட்ட ஆய்வாளர். குளிர்காலந்தோறும் வருகிற பெட்டிதான். ஆய்வகத் தோழர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் பாதியைக் கொடுத்துவிட்டு எஞ்சியதை உரித்துத் தின்பது அவள் வழக்கம். இந்த ஆண்டு பிழிந்து குடிப்பதென்று முடிவு செய்தாள். மூன்று நாள்கள், திடவுணவு ஏதுமின்றி, சாறு மட்டும்.

நாளொன்றுக்கு ஆறு குவளை, இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று. மூன்று குவளை ஆரஞ்சு, இரண்டு குவளை கேரட்டும் பீட்ரூட்டும் ஆப்பிளும் கலந்தது, ஒன்று இளநீர். உப்பு இல்லை, தேநீர் இல்லை. புட்டிகளில் அடைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மூன்று நாள் தொகுப்புகள் நகரில் கிடைக்கின்றன. அவற்றின் விலை ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவளுக்கு ஒவ்வாது. அத்தொகையும் இரண்டு மாதமாக வந்திருக்கவில்லை. மிக்ஸியும் மெல்லிய பருத்தித் துணியும் போதுமானவையாக இருந்தன.

இதை அவள் அறியாமையால் செய்தாள் என்று சொல்ல இயலாது. அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயல், நைட்ரஜன் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் ஈஸ்ட் செல்கள் தம்முடைய பகுதிகளைத் தாமே சிதைத்து மறுபயன்கொள்ளும் நிகழ்வைப் பற்றியது. ஆட்டோஃபேஜி என வழங்கும் இத்தன்னுண்ணலை ஈஸ்டில் ஆராய்ந்ததற்காகவே ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு முதல் சாறு விற்போரின் விளம்பரங்களிலும் இச்சொல் இடம்பிடித்துவிட்டது. ஆனால் சர்க்கரையும் அதைத் தொடர்ந்து சுரக்கும் இன்சுலினும் தன்னுண்ணலை அடக்குபவை. இரண்டரை மணிக்கு ஒருமுறை இனிப்புச் சாறு குடிக்கும் உடலில் அது தூண்டப்படும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. இதை அவள் இளநிலை மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து விளக்கியவள்.

உடலைச் சுத்தப்படுத்தச் சாறு வேண்டியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. மதுவையும் மருந்தையும் படிப்படியாகச் சிதைக்கிறது. இவ்வேலை இரவும் பகலும் நடப்பது. சாறு குடிக்கும் நாளில் அது கூடுதலாக நடப்பதில்லை. எந்த நச்சு, எவ்வளவு, எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்டால், சாறு நோன்பை விற்பவர் எவரும் ஒரு மூலக்கூறின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

இவ்வளவும் தெரிந்தவள் ஏன் தொடங்கினாள்? மூன்றாம் இயல் பதினொரு வாரமாக ஒரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நெறியாளரின் மின்னஞ்சல்களுக்கு விடை எழுதுவது நின்றிருந்தது. காலையில் கணினியைத் திறப்பதும், படங்களின் எழுத்தளவைத் திருத்துவதும், மாலையில் மூடுவதுமாக நாள்கள் கழிந்தன. தொடக்கமும் முடிவும் தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒரு செயல் அவளுக்குத் தேவைப்பட்டது. மூன்று நாள் என்றால் மூன்றாம் நாளின் முடிவில் அது முடிந்துவிடும். ஆய்வேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. ஆனால் இக்காரணத்தை அவள் எவரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

முதல் நாள் காலை ஆய்வகப் பழக்கம் அவளை விடவில்லை. சமையலறைத் தராசை எடுத்து வைத்து, உரித்த சுளைகளை நிறுத்தாள். பிழிந்தபின் துணியில் தங்கிய சக்கையை நிறுத்தாள். இரண்டையும் குறிப்பேட்டில் பதிந்தாள். ஒரு குவளைக்கு நான்கு பழங்கள் தேவைப்பட்டன. நான்கு ஆரஞ்சை ஒரே அமர்வில் உரித்துத் தின்ன அவளால் ஒருபோதும் முடிந்ததில்லை. குடிக்க இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. மெல்லுதல், நார், காலம் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டுச் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்வதே பிழிதல் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினாள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுப் பழத்திலுள்ள சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, பழச்சாற்றிலுள்ள சர்க்கரையைத் தேனோடும் வெல்லப்பாகோடும் ஒரே வரிசையில் வைத்ததன் பொருள் இதுதான். நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு அவ்வழிகாட்டுதலின் மேல்வரம்பு 50 கிராம். அவளுடைய ஆறு குவளைகளில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குத் தலைவலி வந்தது. நச்சு வெளியேறுவதன் அடையாளம் இது என்று சாறு நோன்பின் கையேடுகள் கூறும். நாள்தோறும் நான்கு கோப்பைத் தேநீர் குடித்தவள் திடீரென நிறுத்தினால் காஃபின் இன்மையால் தலை வலிக்கும் என்பதற்குக் கையேடு தேவையில்லை. அவள் படுத்துக்கொண்டாள். கீழ்வீட்டில் யாரோ கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தார்கள். பசி என்பது வயிற்றில் மட்டும் நிகழ்வதில்லை, மூக்கிலும் காதிலும்கூட நிகழ்கிறது என்பதை, ஐந்தாண்டுகள் பட்டினியை ஆராய்ந்தவள் அன்றுதான் அறிந்தாள்.

மாலை வழக்கம்போல் தந்தை தொலைபேசியில் அழைத்தார். பழம் எப்படி என்று கேட்டார்.

“நன்றாக இருக்கிறது, பாபா. மூன்று நாளைக்குச் சாறு மட்டும் குடிக்கிறேன்.”

“எதற்கு, பாளா?”

விடை சொல்ல ஒரு நொடி தயங்கினாள். பின்னர், “உடம்பைச் சுத்தம் செய்ய” என்றாள்.

அச்சொல் அவளுடையது அன்று. அதற்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த லூயி கூனே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே, அது உடலில் தேங்கும் அந்நியப் பொருள் என்று எழுதினார். அவருடைய நூல் 1894-இலேயே தெலுங்கில் வந்துவிட்டது. கூனேயின் நூலையும் அடால்ஃப் யுஸ்ட்டின் இயற்கை மருத்துவ நூலையும் காந்தி படித்தார். மண்பட்டியும் தொட்டிக் குளியலும் தம் வீட்டிலும் ஆசிரமத்திலும் வழக்கமாக்கினார். புணேக்கு இதில் தனியிடம் உண்டு. நகருக்கு அருகிலுள்ள உருளி காஞ்சனில் 1946-இல் அவர் இயற்கை மருத்துவ ஆசிரமம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். நகருக்குள் அவர் தங்கி மருத்துவம் பெற்ற இயற்கை மருத்துவ இல்லம் இருந்த இடத்தில்தான் இன்று தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த அந்நியப் பொருள் என்னும் கருத்து, இந்நாட்டில் முன்பே வேரூன்றியிருந்த சுத்தம், தீட்டு, நோன்பு ஆகியவற்றோடு எளிதில் கலந்துவிட்டது. ஆகவே ‘சுத்தம்’ என்று சொன்னால் இங்கே எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அதனால்தான் அவளுக்கும் அச்சொல் வசதியாக இருந்தது.

தந்தையும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை எடை ஒரு கிலோவுக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. இதன் கணக்கும் அவளுக்குத் தெரிந்ததே. கல்லீரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறையும்போது அது செலவாகும். நீரும் உடன் வெளியேறும். உப்பு குறைந்தால் இன்னும் சிறிது நீர் போகும். குடலில் திடவுணவும் இல்லை. குறைந்தது கொழுப்பு அன்று. ஆனாலும் தராசின் எண்ணைப் பார்த்ததும் அவள் மகிழ்ந்தாள். சிறுநீர் சிவந்திருந்ததைக் கண்டு ஒரு கணம் திடுக்கிட்டு, பின்னர் அது பீட்ரூட்டின் நிறமி என்று நினைவுகூர்ந்து சிரித்தாள். உடல் இலேசாக இருந்தது. மேசையைத் துடைத்தாள்; பழைய கோப்புகளை அடுக்கினாள். மூன்றாம் இயலைத் திறக்கவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை நாக்பூரில் அவளுடைய தந்தையும் சாறு குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் வழக்கம்போல் விழுங்கினார். பாக்ரியும் பருப்பும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, கேரட்டும் வெள்ளரியும் அரைத்த சாற்றை நாள் முழுதும் பருகினார். மனைவி தடுத்தபோது அவர் சொன்ன விடை எளியது: மகளே செய்கிறாள், அவள் இதையே படித்தவள்.

பின்னிரவு இரண்டே முக்காலுக்கு அவளுடைய தொலைபேசி ஒலித்தது. ஆயியின் குரல். அவர் உடல் முழுதும் வியர்த்திருக்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குத் தொடர்பில்லாமல் ஏதோ பேசுகிறார். குளுக்கோமீட்டரில் 48 காட்டுகிறது.

“விழுங்குகிறாரா, ஆயி?”

“விழுங்குகிறார்.”

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கச் சொன்னாள். அப்பதினைந்து நிமிடமும் இருவரும் தொலைபேசியைத் துண்டிக்கவில்லை, பேசவும் இல்லை. எண் 74-க்கு ஏறியது. ரொட்டியும் பாலும் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு சொன்னாள். எண் ஏறிவிட்டதே, காலையில் போனால் ஆகாதா என்றார் ஆயி. ஆகாது என்றாள்.

மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்கு இத்தகைய தாழ்வு நேர்வது அரிது. கிளிமெப்பிரைடு வேறு வகை. உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது அது. காலையில் உண்ட மாத்திரையின் விளைவு இரவிலும் தொடரும். சர்க்கரைநீர் குடித்து ஏறிய அளவு சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக்கூடும். இதனாலேயே பணியிலிருந்த மருத்துவர் அவரை மறுநாள் மாலைவரை கண்காணிப்பில் வைத்திருந்தார். அவருக்கு ஆபத்து ஏதும் நேரவில்லை. வீட்டில் ஒருவர் விழித்துக்கொண்டதும், அளக்கும் கருவி கைக்கெட்டும் தொலைவில் இருந்ததும் அதற்குக் காரணங்கள். தனித்து உறங்கும் முதியவர் ஒருவருக்கு இதே இரவு வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

தொலைபேசியை வைத்தபோது புணேயில் நான்கு மணி. எழுநூறு கிலோமீட்டர் தொலைவில் செய்வதற்கு அவளுக்கு வேறொன்றும் இல்லை. கைகள் நடுங்கின; அச்சத்தாலா பசியாலா என்று பிரித்தறிய முடியவில்லை. டப்பாவிலிருந்த அவலை நீரில் நனைத்து, உப்பிட்டு, நின்றபடியே தின்றாள். சாறு நோன்பு நாற்பத்தாறாவது மணி நேரத்தில் முடிந்தது.

சாற்றுக்கும் நோன்புக்கும் உள்ள உறவு இந்நாட்டில் நேர்மாறானது என்பது அவ்விடியலில்தான் அவள் நினைவுக்கு வந்தது. இங்கே சாறு நோன்பை முடித்து வைப்பது. போராட்டக்காரர் கையில் குவளையைக் கொடுத்தால் உண்ணாநோன்பு முடிந்தது என்று பொருள். 2011 ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரேவுக்கு இரு சிறுமியர் இளநீரும் தேனும் கொடுத்த காட்சியைப் பள்ளி நாள்களில் தந்தையோடு அமர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தவள் அவள். பாஷாணுக்கு நகரின் மறுகோடியில் உள்ள ஆகா கான் மாளிகையில் 1943 பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை காந்தி இருந்த 21 நாள் உண்ணாநோன்பும் ஆரஞ்சுச் சாறு கலந்த நீரோடுதான் நிறைவுற்றது. அந்நோன்பில் இன்னொரு செய்தியும் உண்டு. வெறும் நீரைத் தம் உடல் ஏற்காததால், அது குடிக்கத்தக்கதாகும் அளவுக்குப் புளிப்பினப் பழச்சாறு சேர்க்கப்போவதாகவும், சாகும்வரை நோன்பிருப்பது தம் நோக்கமன்று என்றும், நோன்பு தொடங்குமுன்பே அவர் வைசிராய் லின்லித்கோவுக்கு எழுதிவிட்டார். சாறு அங்கே ஒரு சலுகை. எதற்காக, எவ்வளவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட சலுகை. காந்தியின் மருத்துவக் கருத்துகள் பலவற்றை ஓர் உயிர்வேதியியலாளர் ஏற்க முடியாது. ஆனால் தாம் செய்வது எது, எதற்காக என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தொடங்கும் ஒழுங்கை ஏற்காதிருக்க முடியாது. அறிவியலின் முதல் பாடமும் அதுதான். அவள் அதை ஆய்வகத்தில் கடைப்பிடித்தாள், தொலைபேசியில் கடைப்பிடிக்கவில்லை.

புதன்கிழமை தந்தை வீட்டிலிருந்து பேசினார். குரல் தெளிவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்ததாகவும், சர்க்கரைக்குச் சுரைக்காய்ச் சாறே சிறந்தது, நாளைக் காலை தாமே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் கூறினார். அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். 2010-இல் டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்த நிகழ்வை எடுத்துச் சொன்னாள். ஆண்டுக்கணக்கில் அச்சாற்றைக் குடித்து வந்தவர் அவர். உடன் குடித்த மனைவி பிழைத்தார். சில காய்களில் மிகுந்துவிடும் குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருளே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அதன்பின் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பிழிவதற்கு முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாற்றோடு கலக்கக் கூடாது, குடித்தபின் வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அக்குழு கூறியது. பாகற்காயோடு கலந்துவிட்டால் எக்கசப்பு எதனுடையது என்று நாவுக்குத் தெரியாது.

தந்தை பொறுமையாகக் கேட்டார். பின்னர், “இதெல்லாம் தெரிந்துதானே நீ செய்தாய்?” என்றார். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை. புரியாத கணக்கை மறுபடி கேட்கும் மாணவனின் தொனி இருந்தது.

“சுத்தம் செய்வதற்காக இல்லை, பாபா. உடம்பில் சுத்தம் செய்ய எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுத முடியவில்லை. பதினொரு வாரமாக ஒரு வரியும் எழுதவில்லை. எதையாவது தொடங்கி முடிக்க வேண்டும் போலிருந்தது.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

“முப்பத்தோர் ஆண்டு வகுப்பில் நின்றவன் நான்” என்றார் தந்தை. “எழுத வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லியிருந்தால் நான் சாறு குடித்திருக்க மாட்டேனே.”

படித்தவர் தம் வீட்டில் சொல்லும் சொல் வெறும் சொல்லாக நிற்பதில்லை. அதன் பின்னால் அவருடைய பட்டமும் ஆய்வகமும் சேர்ந்தே போகின்றன. ஆய்விதழில் ஒரு சொல்லை இடுவதற்கு முன் மூன்று சான்று தேடுபவர்கள், வீட்டுத் தொலைபேசியில் கைக்கு வந்த சொல்லைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவரோ ஆய்விதழைப் படிப்பவரைக் காட்டிலும் அதை முழுமையாக நம்புகிறார். அதன்படி நடக்கவும் செய்கிறார். மூன்று நாள் சாறு குடித்தால் உடல்நலமுள்ள இளைஞர் ஒருவருக்குத் தலைவலியும் சோர்வுமன்றிப் பெரிதாக ஒன்றும் நேராமற் போகலாம். மாத்திரை உண்ணும் நீரிழிவாளருக்கும், பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாத சிறுநீரக நோயாளிக்கும் அதே குவளை வேறொன்று. ‘சுத்தம்’ என்னும் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

எடை சனிக்கிழமைக்குள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு கிண்ணம் கேரட், பீட்ரூட் சக்கை எஞ்சியிருந்தது. தராசில் நிறுப்பதற்காகச் சேர்த்து வைத்தது. அதைப் பலதானிய மாவோடும் வெங்காயத்தோடும் பிசைந்து தாலிபீட் தட்டிக் கல்லில் போட்டாள். பெட்டியில் பன்னிரண்டு ஆரஞ்சுகள் மிச்சமிருந்தன. அவற்றை அவள் பிழியவில்லை.

குறிப்பேட்டில் அம்மூன்று நாளுக்கான பக்கத்தின் மேற்பகுதியில், நோக்கம் என்று எழுதி எதிரே வெற்றிடம் விட்டிருந்தாள். அன்றிரவு ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே அதை நிரப்பினாள்: மூன்றாம் இயலிலிருந்து தப்பித்தல். முடிவு என்ற இடத்தில், எய்தப்படவில்லை என்று எழுதினாள். பின்னர் நெறியாளரின் கடைசி மின்னஞ்சலைத் திறந்து, எழுத இயலாமல் இருக்கிறேன் என்று தொடங்கி ஒரு விடை எழுதினாள். பதினொரு வாரத்தில் அவள் எழுதிய முதல் முழு வாக்கியம் அது.